மாரிகுப்பத்துக்குத் திரும்பி வராத பித்தளைப் பில்லை

செய்தி வந்தபோது எங்கள் வாசலில் நான்கு பேர் இருந்தோம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சரோஜா அண்ணி. அவருக்கு எதிரில் முறத்தைப் பிடித்துக்கொண்டு நான். வார விடுமுறையில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த என் கணவர். கடிதம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு நின்ற தபால்காரர். ஐந்தாவதாக வந்தவர் மாரிகுப்பம் ஸ்டேஷனில் வேலை செய்யும் கோவிந்தன். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார். பங்காருபேட்டையிலிருந்து வந்த வண்டி காலியான பிறகும் கடைசிப் பெட்டியில் ஒருவர் மட்டும் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், எழுப்பினால் எழவில்லை, மடியில் எலக்ட்ரிக் சாமான் பை இருக்கிறது என்றார். பை என்றதும் சரோஜா அண்ணியின் கை நின்றது. "சாயங்காலம்தானே வருவேன்னாரு" என்றார். அதையே மூன்று முறை சொன்னார்.

இறந்தவர் அவருடைய கணவர் ஏழுமலை. எங்கள் லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர். தங்கச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். எனக்கு உடன்பிறந்த அண்ணன் கிடையாது. அவரைத்தான் அண்ணே என்று கூப்பிட்டேன். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். முகத்தில் வலி எதுவும் தெரியவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதா என்று பார்ப்பவர் போல ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

அங்கே இருந்தவர்களை நான் இப்படி எண்ணி எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிளாட்பாரத்தில் வைத்து அவருடைய பையைத் திறந்தபோதும் நாங்கள் இந்த ஐந்து பேர்தான். வேறு ஒருவர் கையும் அதில் படவில்லை. உள்ளே இருந்தவற்றை நான் கணக்கு நோட்டில் அன்றே எழுதி வைத்தேன். டெஸ்டர் ஒன்று. கட்டிங் பிளேயர் ஒன்று. திருப்புளி இரண்டு. சோதனை பல்பு ஒன்று. கறுப்பு டேப் ஒரு சுருள். திறக்காத டிபன் பாக்ஸ். கடைப்பெட்டி பிரிக்காத புதுச் சாமான் ஒன்று. கைக்குட்டையில் சுற்றிய பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் மூன்று. இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. அது 417 என்று எண் பொறித்த வட்டமான பித்தளைப் பில்லை.

அவரோடு சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு அந்த எண் தெரியும். உள்ளே இறங்குகிறவருக்கு அடையாளமாகச் சுரங்கத்தில் கொடுத்த பில்லையை அவர் வேலையை விட்ட அன்று முறைப்படி திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அதே அளவில், அதே எண்ணில், ஒரு பித்தளைத் தகட்டை வெட்டிப் பொறித்து வாங்கிக்கொண்டார். எங்கே வயரிங் வேலைக்குப் போனாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைப்பார், ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போடுவார், சுவிட்சின் கைப்பிடியில் அந்தப் பில்லையைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார். பில்லை தொங்குகிறதென்றால் உள்ளே ஒரு மனிதனின் கை இருக்கிறது என்று அர்த்தம். வேலை முடிந்து, சோதித்து, திருப்தியான பிறகு தன் கையாலேயே அவிழ்ப்பார். முடியாத வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் பில்லை அங்கேயே தொங்கும்.

பில்லை பையில் இல்லை. அப்படியானால் அது எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கிறது. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுவது அவரைப் புகழ்வதற்கு மட்டும் அல்ல.

அவருக்கு எழுத வராது. ஆனால் எந்த வயர் எங்கே போகிறது என்பது பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் நினைவிருக்கும். நானோ பள்ளிக்கூடத்துக்கு அதிகம் போகாதவள்; ரேஷன் கடைப் பொட்டலக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டியவள். சுரங்கத்தை விட்டு வந்து அவர் முழுநேரமும் வெளி வேலைக்கே போகத் தொடங்கியபோது, செய்த வேலை என்ன என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "தங்கச்சி, உன் மளிகை நோட்டுல பின்னாடி நாலு பக்கம் காலி கீதா?" அன்று தொடங்கியது. நோட்டின் முன்பக்கம் அரிசி, பருப்பு. பின்பக்கம் கரண்டு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், கோடு போடுவேன், திரும்பப் படித்துக் காட்டுவேன். ஒரு சொல் தவறினாலும் நிறுத்திவிடுவார்.

என் கணவர் விடுவாரா? "இன்னா மேடம், இன்னிக்கு எந்த ஊருக்குக் கரண்டு வுடப் போற?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்.

"உனுக்குதாண்டா. சும்மா உக்காந்துக்கினு கிண்டல் பண்ணா, வூட்டு ஃபியூஸைப் புடுங்கிடுவேன்" என்று அண்ணன் பதில் சொல்வார்.

போன வருடம் ஒரு வியாபாரி பங்காருபேட்டையில் ஐந்து பெரிய இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கினார். பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்திலிருந்து கழற்றியவை, வெளிநாட்டில் செய்தவை. கூரைக்குக் கீழே தொங்கவிடும் தகரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மின்விசிறி. ஒன்று அறையின் கெட்ட காற்றை வெளியே தள்ளும், மற்றது புதுக் காற்றை உள்ளே இழுக்கும். நடுவில் அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். வெளியே போகும் காற்றின் சூடு அந்தத் தகடுகள் வழியாக உள்ளே வரும் குளிர்ந்த காற்றில் ஏறிக்கொள்ளும். காற்றும் காற்றும் மட்டும் கலக்காது. போதாத சூட்டுக்கு ஒரு சூட்டுக்கம்பிச் சுருள். பட்டுப்புழுவைக் குஞ்சிலிருந்து வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் கூடங்களுக்கு இது கடவுள் கொடுத்தது மாதிரி என்று வியாபாரி சொல்லியிருந்தார். நம் பக்கத்து மார்கழிக் குளிரில் அந்தக் குஞ்சுகள் தாங்காது. கரியடுப்பு வைத்தால் புகை. ஜன்னலைத் திறந்தால் குளிர். அதனால் வாங்கினார்கள்.

முதல் பெட்டி பூதிகோட்டையில். அதை எழுதச் சொல்லி அவர் உட்கார்ந்தபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். காலையும் மாலையும் பஞ்சசீலம் சொல்கிறவள் நான். உயிர்க்கொலை செய்யேன் என்று சொன்ன வாயோடு இதை எப்படி எழுதுவது?

"கடைசியில அதுங்கள கூட்டோட கொதிக்கிற தண்ணியில போடப் போறாங்க. அதுக்கு நான் எழுத மாட்டேன் அண்ணே."

அவர் கோபப்படவில்லை. புத்தர் படத்தின் முன்னால் எரிந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் புழுவுக்கும் வேலை செய்யல, பட்டுக்கும் வேலை செய்யல தங்கச்சி. அந்தக் கூடத்துல ஒரு பொண்ணு தினம் தரையைக் கழுவுது. மருந்துத் தண்ணி, கணுக்கால் நனையுது. வெறுங்காலு. தலைக்கு மேல அந்தப் பெட்டி தொங்குது. அதுக்காக எழுது."

எழுதினேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் எழுதும்போது அந்த வெறுங்கால்தான் கண்ணில் நிற்கும்.

அவர் சொன்னவற்றில் சிலவற்றை, நோட்டில் உள்ளபடியே தருகிறேன். வயர் பெட்டிக்குள் மேலிருந்து நேராக இறங்கக் கூடாது. கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். "தண்ணிக்கு இறங்கத்தான் தெரியும், ஏறத் தெரியாது." பெட்டிக்கு எர்த் கொடுத்தால் போதாது, பெட்டிக்கும் தகரக் குழாய்க்கும் நடுவில் ஆட்டம் தாங்குவதற்காகக் கித்தான் துணி வைத்துத் தைத்திருக்கிறது. "துணி வழியா எர்த் போகாது. குழாய்க்குத் தனியா ஒரு பச்சை வயரு. ஈரத் துணியைக் காயப்போட அந்தப் பொண்ணுக்கு அந்தக் குழாய்தான் கொடி." விசிறி ஓடாமல் சூட்டுக்கம்பி எரியக் கூடாது, எரிந்தால் காற்றில்லாமல் பெட்டியே அடுப்பாகிவிடும். அதற்காக விசிறி ஓடினால்தான் சூட்டுக்கம்பிக்குக் கரண்டு விடும் ஒரு சாமான் வைக்க வேண்டும், அதன் பெயர் கான்டாக்டர் என்றார்.

"கண்டக்டரா? பஸ்ஸுல ஏத்துறவனா?" என்றார் என் கணவர்.

"அவனேதான். ஃபேன் டிக்கெட் எடுத்தாதான் ஹீட்டரை ஏத்துவான். இல்லன்னா வழியிலேயே எறக்கி வுட்டுடுவான்."

சிரித்துக்கொண்டே எழுதினேன். பையில் பிரிக்காமல் இருந்த புதுச் சாமான் அதுதான்.

இரண்டாவது பெட்டியில் ஒரு தவறு நடந்திருந்தது. அண்ணன் போவதற்கு முன்பே வேறொருவர் இணைத்துவிட்டிருந்தார். நம் ஊரில் கறுப்பு வயர் என்றால் நியூட்ரல், தொட்டாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தப் பெட்டி செய்த நாட்டில் கறுப்பில்தான் கரண்டு வரும். இணைத்தவர் நம் ஊர் வழக்கப்படி நிறத்தை நம்பிவிட்டார். சுவிட்சை அணைத்தால் விசிறி நின்றுவிடும்; ஆனால் உள்ளே கம்பியில் கரண்டு அப்படியே காத்துக்கொண்டிருக்கும். நான்கு நாள் அப்படி ஓடியிருந்தது. நான்கு நாளும் ஒரு பெண் ஈரத்துணியால் அதைத் துடைத்திருந்தாள். மூடியை மட்டும் கழற்றவில்லை. அவ்வளவுதான் அவளைக் காப்பாற்றியது.

அன்று அண்ணன் வந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நான் காப்பி வைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை. "ஆஃப் பண்ணதுக்கும் லைன் செத்ததுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவு எடம் கீது தங்கச்சி" என்றார். அதனால்தான் அவர் அணைத்த பிறகும் மூன்று முறை சோதிப்பார். முதலில் கரண்டு உள்ள இடத்தில் பல்பை வைத்து, பல்பு எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு தொடப் போகிற கம்பியில் வைப்பார். பிறகு மறுபடி கரண்டு உள்ள இடத்துக்கே போவார், நடுவில் பல்பு செத்துப்போகவில்லை என்று தெரிந்துகொள்ள. பல்பைக்கூட அவர் நம்பவில்லை.

இவ்வளவு பயம் ஏன் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். மூன்றாவது பெட்டியை எழுதி முடித்த அன்று. அவர் சொன்னதை சரோஜா அண்ணியின் அனுமதியோடு எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு, லீவு நாளில், ஒரு எண்ணெய் மில்லில் அவரும் அவருடைய கூட்டாளி தாஸும் வேலை செய்தார்கள். தாஸ் மோட்டாருக்குப் பக்கத்தில். அண்ணன் சுவருக்கு இந்தப் பக்கம், சுவிட்சுக்கு அருகில். இன்னொரு செக்கு ஓடும் சத்தம். நம் ஊரில் ஒரே வாக்கியத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும். யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. தாஸ் தமிழில் கத்தினார்: "ஆஃபாப்பா?" அணைத்துவிட்டாயா என்று கேட்டார். அண்ணனின் காதில் விழுந்தது கன்னடம்: "ஹாக்கப்பா." போடப்பா.

போட்டார்.

"கேட்டது அவன். பதில் சொன்னது என் கை" என்றார் அண்ணன்.   அதற்குப் பிறகுதான் சுரங்கத்துப் பில்லை வழக்கத்தை வெளி வேலைக்கும் கொண்டுபோனாராம். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணியடித்துத்தான் சொல்வார்கள், வாயால் சொல்ல மாட்டார்கள், அது ஏன் என்று அன்றுதான் தனக்கு முழுசாகப் புரிந்தது என்றார்.

ஆனால் அந்தப் பில்லைக்கும் ஓர் ஆபத்து வந்தது. அதற்கு முதலில் வழி காட்டியவள் நானே. ஒரு வைகாசிப் பௌர்ணமியன்று வீடெல்லாம் பூ வைக்கும்போது, எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வதற்காக அவர் எங்கள் மேஜையில் வைத்திருந்த பில்லைக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். இத்தனை உயிரைக் காத்த பொருள் ஆயிற்றே என்று மனம் அப்படிப் போயிற்று. அவர் வந்து பார்த்தார். சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தார். என்னிடம் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"இது சாமி இல்ல. தாயத்தும் இல்ல. பொட்டு வெச்சா கும்புட்டுக்கினு போய்டுவாங்க. கும்புடுறவன் படிக்க மாட்டான்."

அவர் சொன்னது நான்காவது பெட்டியில் நடந்தது. பாதி வேலையில் சாமான் வாங்கப் போனவர் மறுநாள் திரும்பி வந்தபோது, பில்லைக்குக் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. சுவிட்ச் போட்டிருந்தது. ஃபியூஸ் கட்டை இருந்த இடத்தில் மூன்று துண்டுக் கம்பி. பில்லை நல்லது செய்யும், இருக்கும்போதே இயந்திரத்தை ஓட்டிவிடலாம் என்று கூடத்துக்காரர் நினைத்திருக்கிறார். "சக்தி வாய்ந்ததுன்னு சொன்னாங்களே சார், இங்கயே இருக்கட்டும்" என்று கேட்டாராம். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பயபக்திதான். அந்தப் பயபக்திக்குத்தான் அண்ணன் வேறு எதைவிடவும் அதிகமாகப் பயந்தார்.

இனி ஐந்தாவது பெட்டி.

கார்த்திகைப் பௌர்ணமி மாலை, ஆறு மணி இருக்கும். அண்ணன் வேலையிலிருந்து வந்து நேராக எங்கள் வாசலில் உட்கார்ந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். வழக்கமான மூச்சிரைப்பு என்று நினைத்தேன். உள்ளே விளக்கேற்றி, பூ வைத்து, புத்த வந்தனத்துக்கு எல்லாம் தயார். அவர் பேசத் தொடங்கினார்.

"அஞ்சாவது பெட்டி சரியில்ல தங்கச்சி. ஹீட்டர் லைனைப் புடுங்கிட்டேன். பில்லை மாட்டிட்டேன். அப்படியும் பல்பை வெச்சா எரியுது. ரெண்டாவது லைன் ஒண்ணு எங்கேர்ந்தோ வருது. எந்தச் சுவிட்சுன்னு கண்டுபுடிக்க முடியல. பொழுது போய்டுச்சு."

"அங்க இருக்கிறவங்ககிட்ட சொன்னீங்களா அண்ணே?"

"சொன்னேன். மேனேஜரு எல்லாத்துக்கும் தலையாட்டுறான். நான் சொன்னது தமிழு, அவனுக்குத் தெரிஞ்சது கன்னடம். எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துலயும் சொன்னேன், அதுக்கும் தலையாட்டுறான். கடைசியில பில்லையைக் காட்டி, 'இதுக்கு பூ வெக்கலாமா'ன்னு கேட்டான்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "அங்க ரெண்டு பொண்ணுங்க. அதுல சின்னது சுறுசுறுப்பு. துணியை எடுத்துக்கினு எப்பப் பாரு பெட்டிக்குக் கீழயே சுத்துது. எழுதிக்கோ. ஊரு பேரு..."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். ஆனால் கணக்கில் ஒரு வரியை மறைத்தால் எல்லா வரியும் பொய்யாகிவிடும். "விளக்கு எரியுது அண்ணே. வந்தனம் முடிச்சிட்டு வந்து எழுதிக்கிறேன்" என்றேன்.

"சரி சரி, முடிச்சிட்டு வா" என்றார்.

திரிசரணம் சொன்னேன். பஞ்சசீலம் சொன்னேன். வழக்கத்தைவிட நிறுத்தி நிதானமாகச் சொன்னேன், பௌர்ணமி என்பதால். எழுந்து வாசலுக்கு வந்தபோது அவர் இல்லை. அண்ணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "களைப்பா கீதுன்னு படுத்துட்டாரும்மா. காலையில சொல்றேன்னாரு" என்றார். எழுப்ப மனம் வரவில்லை. காலையில் நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவர் முதல் வண்டிக்குப் போய்விட்டார்.

பங்காருபேட்டையில் இறங்கிக் கான்டாக்டரை வாங்கியிருக்கிறார். பிறகு உடம்பு முடியாமல், வேலைக்குப் போகாமல், திரும்பும் வண்டியில் ஏறியிருக்கிறார். கடைப்பெட்டி பிரிக்கவில்லை, டிபன் திறக்கவில்லை. அதனால் இரண்டாம் நாள் அவர் அந்தக் கூடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது நிச்சயம். பில்லை முதல் நாள் மாட்டிய இடத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது லைனும் அப்படியே இருக்கிறது.

என் நோட்டில் நான்கு பெட்டிகளுக்கு ஊர்ப் பெயர், நாள், சுவிட்ச் எங்கே, பில்லை எடுத்தாயிற்று என்ற குறிப்பு எல்லாம் உண்டு. ஐந்து என்று எண் மட்டும் போட்ட வரி காலியாக இருக்கிறது.

தேடாமல் இல்லை. அண்ணியிடமும் அவர் ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. என் கணவர் அடக்கம் முடிந்த மறுநாளே பங்காருபேட்டைக்குப் போனார். வியாபாரியின் கடை பூட்டியிருந்தது. மகளின் கல்யாணத்துக்கு ஆந்திராப் பக்கம் போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை. அண்ணனை முதல் நாள் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஜீப் கூட்டிப்போனதாகப் பூக்காரம்மா சொன்னார். ஜீப் எந்தப் பக்கம் போனது என்று கேட்டதற்கு, "ஜீப்பு போற பக்கம்தான்" என்றாராம். பூதிகோட்டைக்கும் மற்ற மூன்று ஊர்களுக்கும் போய்க் கேட்டாயிற்று. மின்சார அலுவலகத்திலும் சொல்லியிருக்கிறோம். ஊர்ப் பெயர் இல்லாமல் எந்தக் கம்பத்தில் போய் நிறுத்துவது என்று அவர்கள் கேட்பதும் நியாயமே.

இதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. காலையில், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுக்கு மேல் பனி ஏழு மணி வரை கலையவில்லை. நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளும்போதெல்லாம், அந்தக் கூடத்தில் யாரோ புழுவுக்குக் குளிருமே என்று நினைப்பார் என்று தோன்றுகிறது. பில்லையைப் பார்ப்பார். கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிடுங்கிய ஃபியூஸ் கட்டைக்குப் பதில் மூன்று துண்டுக் கம்பி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதுகூட வேண்டாம். சுவிட்ச் அணைந்துதானே இருக்கிறது என்று அந்தச் சின்னப் பெண் மூடியைக் கழற்றித் துடைத்தாலே போதும்.

ஏழுமலை அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். சரோஜா அண்ணி மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் என்னிடம் கொடுத்தார், நோட்டோடு வைத்திருக்கிறேன். அவர் சொல்லி நான் எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. வேண்டிய எலக்ட்ரீஷியன்கள் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். எதையும் மூன்று முறை சோதிக்கும் பழக்கம் இருக்கிறது. அடுப்பை அணைத்தால் திரும்பி வந்து பார்க்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. இப்போது மாலையில் விளக்கேற்றும்போது வாசலில் யாராவது இருந்தால், முதலில் அவர் சொல்ல வந்ததைக் கேட்டுவிடுகிறேன். விளக்கு காத்திருக்கிறது.

பதினாறாம் நாள் கூடியவர்கள் கையில் இந்தத் தாளைத் தமிழிலும், மறுபக்கம் கன்னடத்திலும் அச்சடித்துக் கொடுக்கிறோம். உங்கள் ஊருக்குக் கொண்டுபோங்கள். டீக்கடையில் ஒட்டுங்கள். பட்டுக்கூடு விற்க வருகிறவர்களிடம் படித்துக் காட்டுங்கள். கூரைக்குக் கீழே தகரப் பெட்டி தொங்கும் புழு வளர்ப்புக் கூடம்; வேலைக்கு இரண்டு பெண்கள்; சுவிட்சின் கைப்பிடியில் 417 என்ற பித்தளைப் பில்லை. அதில் பூ இருக்கலாம், குங்குமம் இருக்கலாம். கும்பிடாதீர்கள். படியுங்கள். உள்ளே ஒரு கை இருக்கிறது என்று அது சொல்கிறது. சுவிட்சைப் போடாதீர்கள். அணைந்திருந்தாலும் பெட்டியையோ குழாயையோ தொடாதீர்கள். அந்தப் பெண்களை வெளியே கூப்பிடுங்கள். கம்பத்தில் லைனை நிறுத்தச் சொல்லி, தெரிந்த ஆள் வரும்வரை கூடத்தைப் பூட்டி வையுங்கள்.

பிறகு மாரிகுப்பம் ஸ்டேஷனில் கோவிந்தனிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லுங்கள். என் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். நான் வாயால் கேட்கிறேன். யாருடைய கையாவது பதில் சொல்லிவிடுவதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள்.

அந்தக் கூடம் எந்த ஊரில் இருக்கிறது? தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள்.